மரச்சட்டத்தில் எழும் ஐந்து மாடிக் குடியிருப்பு: தீப் பாதுகாப்பு விதிகள் உண்மையில் என்ன கேட்கின்றன?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாலஸ் அருகே புதிதாகக் கட்டிய ஒரு அபார்ட்மென்டில் வாடகைக்குப் போக ஒரு குடும்பம் யோசிக்கிறது. தரைத்தளம் கான்கிரீட், அதில் பார்க்கிங்கும் சில கடைகளும். அதற்கு மேல் நான்கு தளங்கள், முழுக்க மரச்சட்டம். அதே வளாகத்தில் இரண்டாவது கட்டடம் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. "சென்னையில் செங்கல், கான்கிரீட் வீட்டிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். இத்தனை மாடிக்கு மரத்தில் கட்ட எப்படி அனுமதி கொடுக்கிறார்கள்? இரண்டு சிறு பிள்ளைகளோடு மேல்தளத்தில் குடியிருக்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

குடியிருக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தக் கட்டடத்தின் ஸ்பிரிங்க்ளர் (தீயின் வெப்பத்தில் தானே திறந்து தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின், அதாவது என்.எஃப்.பி.ஏ.வின், 13 என்ற தரத்தில் போட்டதா, 13ஆர் தரத்திலா? மாடல் கிச்சனையும் நீச்சல் குளத்தையும் காட்டும் அலுவலகத்தில் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வராது. பரவாயில்லை, எழுதிக் கேளுங்கள். ஏன் இதை முதலில் வைக்கிறேன் என்பது போகப் போகப் புரியும். இப்படிப்பட்ட கட்டடங்களின் வரைபடங்களைத் தீப் பாதுகாப்புக் கண்ணோட்டத்தில் சரிபார்ப்பதுதான் என் வேலை. நான் பார்த்தவரை மக்கள் பயப்படும் இடம் ஒன்று, பயப்பட வேண்டிய இடம் வேறொன்று.

எந்தக் கட்டட விதியும் "எரியவே கூடாது" என்று கேட்பதில்லை. வீட்டில் தீப்பிடித்தால் முதலில் எரிவது சோபா, மெத்தை, திரைச்சீலை, அடுப்பில் இருக்கும் எண்ணெய். முதல் சில நிமிடங்களில் கான்கிரீட் வீட்டுக்கும் மர வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அறையில் புகை நிறையும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. கான்கிரீட் சுவருக்குள் தீ நுழைந்து ஓட வழியில்லை. மரச்சட்டச் சுவரோ உள்ளே வெற்றிடம். தளத்துக்கும் கூரைப் பலகைக்கும் நடுவிலும் வெற்றிடம். மொட்டைமாடி இருக்க வேண்டிய இடத்தில் சாய்கூரைக்குக் கீழே பெரிய அட்டிக். இவை எல்லாம் மரத்தாலேயே ஆன வெற்றிடங்கள். மரச்சட்டக் கட்டடத்துக்கான விதிகளில் பெரும்பகுதி இந்த வெற்றிடங்களுக்குள் தீயை விடாமல் வைப்பதற்காக எழுதப்பட்டவை.

சுவர் ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்போம். டூ-பை-ஃபோர் என்று சொல்லப்படும் சட்டத்தின் நிஜ அளவு 38 மி.மீ. அகலம், 89 மி.மீ. ஆழம். இவற்றை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, இரண்டு பக்கமும் 5/8 அங்குலத் தடிமனுள்ள 'டைப் எக்ஸ்' ஜிப்சம் போர்டை ஒரு அடுக்கு அறைந்தால் அது ஒரு மணி நேரத் தீத்தடுப்புச் சுவர். பொருள்களைச் சோதித்துச் சான்று தரும் யு.எல். அமைப்பின் பட்டியலில் இதற்கு யு305 என்று எண். அமெரிக்காவில் மர அபார்ட்மென்ட் வரைபடம் எதை விரித்தாலும் இந்த எண்ணோ இதன் உறவினர் எண்ணோ இருக்கும்.

இந்தச் சுவரில் தீயைத் தாங்குவது மரமல்ல, போர்டு. ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 சதவீதம் வேதியியல் முறையில் பிணைந்த தண்ணீர். தீ தாக்கும்போது அந்தத் தண்ணீர் முழுதும் ஆவியாகி முடிகிற வரை போர்டின் பின்பக்கம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். தண்ணீர் போனபின் சாதா ஜிப்சம் போர்டு விரிசல் விட்டு உதிர்ந்துவிடும். டைப் எக்ஸில் கலந்திருக்கும் கண்ணாடி நாரிழைகள் அதை உதிராமல் பிடித்துக்கொள்கின்றன. இதைச் சோதிக்கும் உலையில் 5 நிமிடத்தில் 538 டிகிரியும், ஒரு மணி நேர முடிவில் 927 டிகிரியும் வரவேண்டும் என்பது கணக்கு. மறுபக்கத்தின் வெப்பம் தொடக்கத்தில் இருந்ததைவிடச் சராசரியாக 139 டிகிரிக்கு மேல் கூடக்கூடாது. அப்புறம் சூடான சுவர் மீது தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பீய்ச்சும் சோதனையும் உண்டு. "ஒரு மணி நேரம்" என்பது அந்த உலைக் கணக்கில் ஒரு மணி நேரம். உங்கள் வீட்டில் எரியும் தீ அதைவிட வேகமாகவோ மெதுவாகவோ போகலாம். ஒரு சுவரை இன்னொரு சுவரோடு ஒப்பிடும் அளவுகோலாக மட்டுமே அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

"மரம் கரியாகி, அந்தக் கரியே உள்ளே இருப்பதைக் காக்கும்" என்று ஒரு விளக்கம் அடிக்கடி காதில் விழும். அது தடித்த மரத்துக்குப் பொருந்தும். மென்மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மி.மீ. வேகத்தில் கரியாகிறது. ஒரு அடி தடிமனுள்ள உத்தரத்துக்கு அது பெரிய பாதுகாப்பு. 38 மி.மீ. சட்டத்தை இரண்டு பக்கமும் தீ கவ்வினால் அரை மணி நேரத்தில் அங்கே சட்டமே இருக்காது. சுமை தாங்கும் வலு அதற்கு வெகு முன்பே போய்விடும். 2021-ம் ஆண்டு இன்டர்நேஷனல் பில்டிங் கோட் 18 மாடி வரை மரத்தில் கட்ட வழிவிட்டது என்று செய்தி படித்திருப்பீர்கள். அது அடுக்கடுக்காக ஒட்டிய கனமரப் பலகைகளால் எழுப்பும் வேறு வகைக் கட்டடம். அதையும் உங்கள் அபார்ட்மென்டையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறவர்களின் பேச்சைக் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சுவரில் போர்டு முழுதாக இருக்கும் வரைதான் மரம் பத்திரம்.

இனி, அனுமதி எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு வருவோம். அமெரிக்க நகரங்கள் பெரும்பாலும் மேலே சொன்ன இன்டர்நேஷனல் பில்டிங் கோடை, அதாவது ஐ.பி.சி.யை, தங்கள் திருத்தங்களோடு ஏற்றுக்கொள்கின்றன. டெக்சஸில் நகரத்துக்கு நகரம் எந்த ஆண்டுப் பதிப்பு என்பதே மாறும். அதில் கட்டடங்களை எரியும் தன்மைப்படி ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். டைப் 1 என்றால் கான்கிரீட், காப்பிட்ட எஃகு. டைப் 5 என்றால் வெளிச்சுவர் உட்பட எல்லாமே மரமாக இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் வரும் டைப் 3-ல் உள்ளே மரம் இருக்கலாம். வெளிச்சுவர் எரியாத பொருளாகவோ, தீத்தடுப்பு ரசாயனம் அழுத்தி ஏற்றிய மரமாகவோ இருக்க வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் எத்தனை அடி உயரம், எத்தனை தளம், ஒரு தளத்துக்கு எவ்வளவு பரப்பு என்று அட்டவணை உண்டு. குடியிருப்புக்கு, முழுமையான ஸ்பிரிங்க்ளர் இருந்தால், டைப் 5ஏ-வில் ('ஏ' என்றால் அந்த வகையில் கூடுதல் தீத்தடுப்புள்ள பிரிவு) நான்கு தளமும் 70 அடியும். டைப் 3ஏ-வில் ஐந்து தளமும் 85 அடியும். பரப்பில் டைப் 5ஏ-வுக்குத் தளத்துக்கு 36,000 சதுர அடி, டைப் 3ஏ-வுக்கு 72,000. இவை அடிப்படை எண்கள். சாலை பார்த்த பக்கம் அதிகமாக இருந்தால் பரப்பு இன்னும் கொஞ்சம் கூடும்.

அப்படியானால் கீழே கான்கிரீட், மேலே மரம் என்ற கலவை எப்படி? அதற்குத்தான் 'போடியம்' விதி. கீழே டைப் 1ஏ-வில் கான்கிரீட் பெட்டி கட்டி, அதன் மேல்தளத்தை மூன்று மணி நேரத் தீத்தடுப்புள்ளதாக அமைத்தால், மேலே இருக்கும் மரப்பகுதியை விதி தனிக் கட்டடமாகக் கணக்கிடும். தளங்களின் எண்ணிக்கை போடியத்தின் தலையிலிருந்து தொடங்கும். ஆனால் அடிக் கணக்கில் உயரம் மட்டும் தரையிலிருந்துதான். முன்பெல்லாம் போடியம் ஒரு தளத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. 2015 பதிப்பில் அது போய்விட்டது. அமெரிக்க நகரங்கள் எங்கும் "ஃபைவ் ஓவர் டூ" (இரண்டு கான்கிரீட் தளத்தின் மேல் ஐந்து மரத்தளம்) கட்டடங்கள் முளைத்ததற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம். இவை எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு கோடு இருக்கிறது. தீயணைப்பு வண்டி நிற்கும் சாலையிலிருந்து, மனிதர் வசிக்கும் உச்சித் தளத்தின் தரை 75 அடியைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். செலவு பிடிக்கும் தனி விதிகள் வந்துவிடும். அதனால்தான் இந்தக் கட்டடங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நின்றுவிடுகின்றன.

உங்கள் கட்டடம் ஒன்றுக்கு மேல் நான்கு. பெரும்பாலும் டைப் 5ஏ. இங்கேதான் முதலில் சொன்ன கேள்வி வருகிறது.

ஸ்பிரிங்க்ளர் தரம் இரண்டு வகை. என்.எஃப்.பி.ஏ. 13 கட்டடத்தையும் காக்கும் நோக்கத்தில் எழுதியது. அட்டிக், மரத்தாலான மறைவு வெற்றிடங்கள், எல்லா இடத்திலும் ஸ்பிரிங்க்ளர் தலை (தண்ணீர் தெளிக்கும் முனை) வேண்டும். வேண்டாமென்றால் அந்த வெற்றிடத்தை எரியாத பஞ்சால் முழுதும் அடைப்பது போன்ற மாற்று வழியைக் காட்ட வேண்டும். 13ஆர் ஆட்களை வெளியேற்றும் நோக்கத்தில் எழுதியது. மனிதர் புழங்கும் அறைகளில் தலை இருக்கும். அட்டிக்கில் இல்லை, தளங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் இல்லை, சின்னக் குளியலறையிலும் சின்ன அலமாரியிலும் விலக்கு உண்டு. தண்ணீர் 30 நிமிடத்துக்கு இருந்தால் போதும். செலவு குறைவு என்பதால் கட்டுகிறவர்கள் இதை விரும்புகிறார்கள். நான்கு தளம் வரையுள்ள குடியிருப்புக்கு இது சட்டபூர்வமானது, யாரும் ஏமாற்றவில்லை. ஐந்து மரத்தளம் என்றால் 13 கட்டாயம். நான்கு என்றால், எந்தப் பதிப்பின் கீழ் அனுமதி வாங்கினார்கள் என்பதைப் பொறுத்து எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை 2015 ஜனவரி 21 அன்று நியூஜெர்சியின் எட்ஜ்வாட்டரில் உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஹட்சன் ஆற்றங்கரையில் 408 வீடுகள் கொண்ட மரச்சட்ட வளாகம். ஒரு வீட்டில் குழாய் ரிப்பேர் செய்தவர்கள் ஊதுவிளக்கைப் பயன்படுத்தியபோது சுவருக்குள் தீப்பிடித்தது. அவர்களே அணைக்கப் பார்த்ததில் தீயணைப்புத் துறைக்குச் சொல்வதும் தாமதமாயிற்று. வீடுகளுக்குள் ஸ்பிரிங்க்ளர் இருந்தது. ஆனால் தீ இருந்தது சுவருக்குள். அங்கிருந்து தளங்களின் வெற்றிடம், அட்டிக் என்று ஏறி, ஸ்பிரிங்க்ளர் தலைகளுக்குப் பின்னாலேயே ஓடியது. 240 வீடுகள் அழிந்தன. ஒருவரும் சாகவில்லை. 13ஆர் எதற்காக எழுதப்பட்டதோ அதைச் செய்தது. ஆட்கள் வெளியே வந்தார்கள். வீடு, சான்றிதழ்கள், பிள்ளைகளின் புகைப்படங்கள், பாஸ்போர்ட் எல்லாம் போயின. அந்த இழப்பை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஊர்விட்டு ஊர் வந்து குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது மீண்டெழ வருடங்கள் பிடிக்கும் அடி. அதே இடத்தில் 2000-ம் ஆண்டிலும் கட்டுமானத்தின்போது ஒரு தீ விபத்து நடந்திருந்தது.

அதற்குப் பிறகு விதி கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. 2018 பதிப்பில், போடியத்தின் மேல் நிற்கும் கட்டடத்தின் கூரை சாலை மட்டத்திலிருந்து 55 அடியைத் தாண்டினால் 13ஆர் என்றாலும் அட்டிக்குக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று சேர்த்தார்கள். 2021 பதிப்பு இன்னும் மேலே போயிற்று: உச்சித் தளத்தின் தரை தீயணைப்பு வண்டிச் சாலையிலிருந்து 30 அடிக்கு மேல் இருந்தால் 13ஆர் செல்லாது. ஒன்றுக்கு மேல் நான்கு என்ற கட்டடம் இந்தக் கோட்டுக்குள் அடங்க வழியில்லை. ஆகவே உங்கள் நகரம் 2021 பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ திருத்தாமல் ஏற்று, அதன்கீழ் அனுமதி வாங்கியிருந்தால் நிம்மதி, கட்டடத்தில் என்.எஃப்.பி.ஏ. 13 இருந்தாக வேண்டும். பழைய பதிப்பு என்றால் கேட்டே ஆகவேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? குடிபுகு சான்றிதழில் எந்தப் பதிப்பின்கீழ் அனுமதி, கட்டட வகை எது, ஸ்பிரிங்க்ளர் இருக்கிறதா என்பது எழுதியிருக்க வேண்டும் என்று ஐ.பி.சி.யே சொல்கிறது. 13-ஆ 13ஆர்-ஆ என்பது வரைபடத்தின் முன்பக்கங்களில் வரும் விதிச் சுருக்கத் தாளில் இருக்கும். நகர கட்டடத் துறையில் அனுமதி எண்ணைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் பார்க்க முடியும். 13ஆர் என்று பதில் வந்தால் உடனே வேண்டாமென்று சொல்ல நான் தயாரில்லை. உயிர் காக்கும் விஷயத்தில் அது நல்ல பேர் வாங்கிய தரம். ஆனால் அந்த நிலையில் வாடகைதாரர் இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு நாள்கூட இருக்காதீர்கள். முக்கியமான காகிதங்களின் நகலை வேறிடத்தில் வையுங்கள்.

ஸ்பிரிங்க்ளர் பற்றி ஒரு தவறான பயமும் இருக்கிறது: ஒரு தலை திறந்தால் கட்டடம் முழுக்கத் தண்ணீர் கொட்டும் என்று. அப்படி இல்லை. ஒவ்வொரு தலையும் தன் வெப்பத்தில் தானே திறக்கும். சிவப்பு நிறக் கண்ணாடிக் குமிழி என்றால் 68 டிகிரியில். சாம்பிராணிப் புகைக்கு அது திறக்காது. புகைக்குக் கத்துவது ஸ்மோக் அலாரம், அது வேறு கருவி. பூஜைக்காகவும் ஹோமத்துக்காகவும் அலாரத்தைப் பிளாஸ்டிக் கவரால் மூடிவிட்டு அப்புறம் மறந்துவிடுவது நம் வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அது கத்தினால் கத்தட்டும். ஸ்பிரிங்க்ளர் தலையில் துணி மாட்டுவது, அதன்மேல் பெயின்ட் அடிப்பது இரண்டும் அதைக் கெடுத்துவிடும். பெயின்ட் பட்ட தலையை மாற்றத்தான் வேண்டும், துடைத்துச் சரிசெய்ய முடியாது.

வெற்றிடங்களுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் விதியின் உழைப்பெல்லாம் அங்கேதான். சுவரின் உள்வெற்றிடம் ஒவ்வொரு தளத்திலும் தரைமட்டத்திலும் கூரைமட்டத்திலும் அடைபட வேண்டும். நீளவாக்கில் 10 அடிக்கு ஒரு அடைப்பு. இதை ஃபயர் பிளாக்கிங் என்பார்கள். இரண்டு அங்குல மரத்துண்டோ, அரை அங்குல ஜிப்சமோ, எரியாத பஞ்சான மினரல் வூலோ போதும். அட்டிக்கை 3,000 சதுர அடிக்கு மிகாத அறைகளாகத் தடுப்பதற்கு டிராஃப்ட் ஸ்டாப். ஸ்பிரிங்க்ளர் அட்டிக்கிலும் இருந்தால் இதற்கு விலக்கு உண்டு. இரண்டு வீட்டுக்கு நடுவிலுள்ள சுவர், தளம் இரண்டும் டைப் 5ஏ-வில் ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். பெரிய வளாகத்தைத் துண்டுகளாகப் பிரிக்கும் ஃபயர் வால் வேறு ரகம்: ஒரு பக்கம் இடிந்து விழுந்தாலும் அது நிற்க வேண்டும்.

காகிதத்தில் இதெல்லாம் அழகாக இருக்கும். தளத்தில் நடப்பதைச் சொல்கிறேன். மரவேலைக்காரர் ஃபயர் பிளாக்கிங்கை ஒழுங்காக அடித்துவிட்டுப் போவார். அடுத்து வரும் பிளம்பர் மூன்று அங்குலக் கழிவுக் குழாய்க்காக அதே மரத்தில் நான்கரை அங்குல ஓட்டை போடுவார். எலக்ட்ரீஷியன், ஏ.சி.க்காரர், இன்டர்நெட் கேபிள்காரர் என்று ஒவ்வொருவரும் தன் பங்குக்கு. அந்த ஓட்டைகளை அடைப்பது யார் வேலை என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லையென்றால் யாரும் அடைக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் குழாய்க்கு வெறும் சிமென்ட் பூச்சு போதாது. தீயில் குழாய் உருகி ஓட்டை மட்டும் மிஞ்சும். அதனால் வெப்பம் பட்டால் உப்பிப் பெருகி அந்தத் துளையையே நெரித்து மூடும் பட்டையையோ பூச்சையோ வைக்க வேண்டும், அதுவும் அந்தக் குழாய், அந்தச் சுவர் இரண்டோடும் சோதித்துத் தேறியதாக. ஜிப்சம் போர்டு மூடும் முன் டார்ச் அடித்து ஒவ்வொரு சுவராகப் பார்க்கும் இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தால் கட்டடம் பிழைத்தது. போர்டு ஏறிவிட்டால் இவை எதுவும் யார் கண்ணுக்கும் தெரியாது, தீப்பிடிக்கும் நாள் வரை. இந்தத் துறையில் எனக்கு இருக்கும் பெரிய கவலை இதுதான். விதி நூலில் குறை குறைவு. மூடுவதற்கு முன் பார்க்கும் கண்களும் நேரமும் பல ஊர்களில் போதவில்லை.

படிக்கட்டும் கதவும். நான்கு தளம் அல்லது அதற்கு மேல் இணைக்கும் படிக்கட்டுக் கூண்டு இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும், கதவு 90 நிமிடம். ஸ்பிரிங்க்ளர் உள்ள குடியிருப்பில் நடைவழிச் சுவருக்கு அரை மணி நேரமே போதும் என்று தளர்த்தியிருக்கிறார்கள். வீட்டு வாசல் கதவுக்கு 20 நிமிடம், ஆனால் தானாக மூடிக்கொள்ள வேண்டும். அந்தக் கடைசி நான்கு சொல் சாதாரணமல்ல. 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க் பிராங்ஸில் நடந்த தீ விபத்தில் 17 பேர் இறந்தார்கள். அது மரக் கட்டடமே இல்லை. தீப்பிடித்த வீட்டின் கதவு தானாக மூடவில்லை. புகை படிக்கட்டு வழியாக ஏறியது. வீடு பார்க்கப் போகும்போது வாசல் கதவைப் பாதி திறந்து கையை எடுத்துப் பாருங்கள். தானாக வந்து தாழ் விழ வேண்டும். விழவில்லையென்றால் எழுதிக் கொடுங்கள். சாமான் இறக்கும்போது முட்டுக்கட்டை வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். இரண்டு படிக்கட்டிலும் பிள்ளைகளோடு ஒருமுறை இறங்கிப் பாருங்கள். லிஃப்ட் மட்டுமே தெரிந்த பிள்ளைகளுக்கு இருட்டில் வழி தெரியாது. ஒற்றைப் படிக்கட்டு போதுமா என்று இப்போது பெரிய விவாதம் நடக்கிறது. சியாட்டில் ஆறு தளம் வரை வெகுகாலமாக அனுமதிக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா 2024 ஆகஸ்டில் அனுமதித்தது. அது சின்னத் தளம், கூடுதல் நிபந்தனைகள் என்ற கதை. உங்கள் கட்டடத்துக்கு இரண்டு இருக்கும்.

பால்கனியில் கரி அடுப்பு, கேஸ் கிரில் பற்றியும் ஒரு வரி. எரியும் பொருளால் ஆன பால்கனியிலோ, அப்படிப்பட்ட சுவருக்கு 10 அடிக்குள்ளோ அவற்றை வைத்துச் சமைக்க இன்டர்நேஷனல் ஃபயர் கோட் தடை சொல்கிறது. பால்கனிக்கும் ஸ்பிரிங்க்ளர் இருந்தால் விலக்கு உண்டு. ஆனாலும் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் அடியோடு தடுத்திருக்கும். தடுக்காவிட்டாலும் நான் வைக்க மாட்டேன். பால்கனித் தீ வெளிச்சுவர் வழியாக நேரே அட்டிக்குக்கு ஏறும்.

கனடாவில் உறவினர் இருப்பவர்கள் இதே கேள்வியை அங்கிருந்தும் கேட்பார்கள், ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் நம்மவர்கள் அதிகம் என்பதால். அங்கே முன்பு நான்கு மாடியோடு மரம் நின்றது. பிரிட்டிஷ் கொலம்பியா 2009-ல் ஆறு மாடிக்கு உயர்த்தியது. ஒன்டாரியோ 2015 ஜனவரி 1 முதல். தேசிய மாதிரி விதியும் 2015 பதிப்பில் ஏற்றது. ஆறு மாடிக்கு என்.எஃப்.பி.ஏ. 13 கட்டாயம், உச்சித் தளத்தின் தரை 18 மீட்டருக்குள், ஒரு தளம் 1,500 சதுர மீட்டருக்குள். ஒன்டாரியோ தன் பங்குக்கு ஆறு மாடி மரக் கட்டடத்திலும் வெளியேறும் படிக்கட்டுக் கூண்டை எரியாத பொருளால், ஒன்றரை மணி நேரம் தாங்கும்படி கட்டச் சொன்னது. எனக்கு அது மிகவும் பிடித்த விதி.

கடைசியாக, உங்கள் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் இரண்டாவது கட்டடம். குடியிருக்கும் கட்டடத்தைவிட நான் அதிகம் யோசிப்பது அதைப் பற்றித்தான். ஜிப்சம் ஏறாத, ஸ்பிரிங்க்ளரில் தண்ணீர் வராத, கதவு மாட்டாத மரச்சட்டம் என்பது மேலே சொன்ன காவல் ஒன்றுகூட இல்லாத நிலை. சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பே 2014 மார்ச்சில், லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தில் 2014 டிசம்பரில், ராலேயில் 2017 மார்ச்சில் என்று பெரிய பெரிய மரக் கட்டடங்கள் கட்டும் நிலையிலேயே எரிந்தன. லாஸ் ஏஞ்சலஸில் வெப்பம் தாங்காமல் பக்கத்துக் கட்டடங்களின் கண்ணாடிகள் வெடித்தன. ஒன்டாரியோவின் கிங்ஸ்டனில் 2013 டிசம்பர் 17 அன்று மாணவர் குடியிருப்பு ஒன்று கட்டும்போது பற்றிக்கொண்டது. மேலே கிரேனில் மாட்டிக்கொண்ட ஓட்டுநரை டிரென்டன் படைத்தளத்திலிருந்து வந்த ராணுவ ஹெலிகாப்டரிலிருந்து ஒருவர் கயிற்றில் இறங்கித் தூக்கினார். பாஸ்டனின் டார்செஸ்டரில் 2017 ஜூனில் எரிந்த ஆறு மாடிக் கட்டடம் ஏறக்குறைய முடிந்திருந்தது; ஜெனரேட்டரின் புகைபோக்கி எரியும் பொருளுக்கு மிக அருகில் இருந்தது காரணம்.

இந்த நிலைக்கும் விதி இருக்கிறது: ஃபயர் கோடின் 33-ம் அத்தியாயம், அதோடு என்.எஃப்.பி.ஏ. 241. கட்டடம் 40 அடியைத் தாண்டும் முன் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் ஒன்றாவது நிற்க வேண்டும். கட்டடம் உயர உயர அதுவும் ஒரு தளத்துக்கு மேல் பின்தங்காமல் உயர வேண்டும். வண்டி வரும் வழியும் தீயணைப்புத் தெருக்குழாயும் (ஹைட்ரன்ட்) மரம் வந்து குவியும் முன்பே தயாராக வேண்டும். வெல்டிங், ஊதுவிளக்கு வேலை முடிந்தபின் ஒருவர் நின்று காவல் காக்க வேண்டும். முன்பு 30 நிமிடமாக இருந்த அந்த நேரத்தை என்.எஃப்.பி.ஏ. 51பி 2019 பதிப்பில் ஒரு மணி நேரமாக்கியது. வேலை இல்லாத இரவு நேரத்தில் காவலாளி வைக்கச் சொல்லவும் தீயணைப்பு அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் இவையும் சேரட்டும்: இரண்டாவது கட்டடத்துக்கும் உங்கள் கட்டடத்துக்கும் நடுவில் எத்தனை அடி? உங்கள் படுக்கையறை ஜன்னல் அந்தப் பக்கம் பார்க்கிறதா? ஜிப்சம் போர்டு எப்போது ஏறுகிறது? முடிந்தால் அந்தப் பக்கம் பார்க்காத வீட்டைக் கேளுங்கள், அல்லது போர்டு ஏறிய பிறகு குடி போங்கள். இரவில் அங்கே ஆள் நடமாட்டமோ, வேலை முடிந்தபின் கருகும் வாடையோ தெரிந்தால் மேனேஜ்மென்டுக்கு மெயில் எழுதிக் காத்திருக்க வேண்டாம், நேரே 911. தீயணைப்பு வண்டிச் சாலையில் சரக்கு லாரி நிரந்தரமாக நிற்கிறது, தெருக்குழாயை மரக்கட்டுகள் மறைத்திருக்கின்றன என்பது போன்றவற்றை நகரத் தீயணைப்புத் துறையின் தடுப்புப் பிரிவுக்குப் போன் செய்து சொல்லலாம். குடியிருப்பவர் சொல்லும் புகாருக்கு அவர்கள் வந்து பார்ப்பார்கள். போட்டோ இருந்தால் இன்னும் நல்லது.